எட்டாவது பிட்டும் யாழ்ப்பாணத்தின் அறுந்த கம்பியும்

வீட்டுக் கணினியும் எங்கள் புலம்பெயர்வும் சமகாலத்தவை. தானே இலக்கத்தைச் சுழற்றி மறுமுனையை அழைக்கும் மொடத்தை ஹேய்ஸ் நிறுவனம் சந்தைக்கு விட்டது 1981இல். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகக் கொள்ளும் கொமடோர் 64 வந்தது 1982இல். மறு ஆண்டு ஆடிக் கலவரம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் எம்மவர் சென்று குடியேறிய அதே ஆண்டுகளில், அந்நகரங்களின் வீடுகளில் கணினியும் தொலைபேசியும் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்டிருந்தன. ஆயினும் அந்தக் கருவியால் ஊரோடு தமிழில் பேச முடியவில்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

அக்காலத்து மொடத்தை இயக்குவது சாதகப் பொருத்தம் பார்ப்பதை ஒத்தது. இரு முனைகளும் ஒரே வேகத்தில் இருக்கவேண்டும். தொடக்கத்தில் அது பெரும்பாலும் செக்கனுக்கு 300 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட்டா 8 பிட்டா, பிழை காட்டும் சரிபார்ப்பு பிட் உண்டா இல்லையா, முடிவைக் குறிக்கும் பிட் எத்தனை என்பனவற்றையெல்லாம் முனைய மென்பொருளில் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். தட்டும் எழுத்தை இரு முனைகளும் திருப்பிக் காட்டினால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். இரண்டுமே காட்டாவிட்டால் திரை வெறுமையாகக் கிடக்கும். கொமடோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் எழுத்துக்குறிகள் தனிவகை. மாற்றிக்கொடுக்காவிட்டால் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம்மாறி வரும்.

அனைத்தும் பொருந்தினால், எழுத்தொன்றுக்கு 10 பிட் வீதம், செக்கனுக்கு 30 எழுத்துகள் சென்றன. 3000 எழுத்துக் கொண்ட செய்தி ஒன்றுக்கு 100 செக்கன் போதும். செய்தி மேசையில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 100 செக்கன் எமக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ வதந்திகளை அச்சேறுமுன் நிறுத்தியிருக்கலாம்.

தமிழுக்கு வந்த தடை 7, 8 என்ற அந்த ஒரு பிட்டில்தான் இருந்தது. 7 பிட்டால் 128 குறிகளே கிடைக்கும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் அதை நிரப்பிவிட்டன. எனவே தமிழ் எழுத்துருக்கள் பலவும் 128க்கு மேற்பட்ட இடங்களைத் தேடிச் சென்றன. எட்டாவது பிட்டைச் சரிபார்ப்புக்கென ஒதுக்கிய இணைப்பிலோ, 7 பிட்டை மட்டுமே கடத்திய பழைய மின்னஞ்சல் வழிகளிலோ அவை சென்றால் அந்த மேல்பிட் உதிர்ந்துவிடும். பின்னாளில் வந்த திஸ்கி குறியீட்டில் ‘அ’வின் இடம் 171. அதில் 128 போனால் எஞ்சுவது 43, அதாவது கூட்டல் குறி. அம்மாவுக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தின் முதலெழுத்தே கணக்குப் பாடமாகிவிடும். ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதும் வழக்கம் இணையக் குழுக்களில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

குடாநாட்டின் நிலை இதனினும் கொடியது. பொருத்தம் பார்ப்பதற்கு அங்கே மறுமுனையே இருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. பற்றறியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். கிடைத்த தாளில், கோடு போட்ட கொப்பித் தாளிலுங்கூட, செய்தித்தாள்கள் அச்சாயின. மொடத்தில் 100 செக்கனில் போகவேண்டிய செய்தி, கிளாலிக் கடலை இரவில் உயிரைக் கையில் பிடித்துக் கடந்தவர்களின் மடியில் போயிற்று. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் போனபோது அச்சுக்கூடங்களும் ஆவணங்களும் பின்னே கிடந்தன.

கம்பி பின்னர் மீண்டது. ஆனால் கம்பி இருந்தால் மட்டும் போதாது என்பதை 2000 ஒக்ரோபர் 19 காட்டியது. யாழ்ப்பாணத்திலிருந்து பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் அன்றிரவு தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

ஈழத்தவர் அச்சகங்களிலும் புலம்பெயர் பத்திரிகைகளிலும் இக்காலத்தில் பரவலாக வழங்கியது ‘பாமினி’ எழுத்துரு. அது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தியது. ‘யாழ்’ என்று எழுத ஏ, எச், ஓ, அரைப்புள்ளி என்ற நான்கு விசைகளைத் தட்டவேண்டும். இவ்விசை வரிசை பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியைத் தழுவியது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியவராக அறியப்படும் ஆர். முத்தையா சுண்டிக்குளியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கீழ் 128 இடங்களுக்குள் அடங்கியதால், எட்டாவது பிட் உதிர்ந்தாலும் பாமினியில் எழுதியவற்றின் பெரும்பகுதி சிதையாது போய்ச்சேரும். ஆனால் மறுமுனையில் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

இதனால்தான் இப்பழங்கதை இன்றும் முடியவில்லை. யுனிகோட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 போன்றவற்றின் வழியே அது மெல்ல வீடுகளுக்கும் வந்தது. ஆனால் அதற்கு முன்னரும், பின்னர் பல ஆண்டுகளும் எழுதப்பட்ட செய்திகள், நினைவு மலர்கள், ஊர்ச்சங்க அறிக்கைகள் எல்லாம் வெவ்வேறு எழுத்துருக்களில் நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. நூலகத்தை நெருப்பு எரித்தது என்று உலகெங்கும் சொல்கிறோம். இவற்றையோ பூஞ்சணமும் மறதியும் சத்தமின்றித் தின்றுகொண்டிருக்கின்றன.

உங்கள் வீட்டு மேற்தட்டில் அத்தகைய வட்டுகள் இருந்தால் எறியாதீர்கள். எந்த எழுத்துருவில் எழுதியது என்பதை உறையின்மேல் குறித்துவையுங்கள். வாசிக்கும் கருவி கிடைக்கும்போதே படியெடுத்து யுனிகோட்டுக்கு மாற்றி, 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற முயற்சிகளிடம் சேர்ப்பியுங்கள். அந்த வட்டுகளில் என்ன எழுத்துரு இருக்கிறதென்று அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.