அசையும் தடுப்புகள்: காரியாலய உள்ளமைப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழில் நடைபெறும் இடத்தின் அமைப்பு, அத்தொழிலை ஆள்வோரின் நோக்கத்தைப் புலப்படுத்துவதாகும். இருபதாம் நூற்றாண்டுக் காரியாலய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1906இல் அமெரிக்காவின் பவலோ நகரில் பிராங் லொயிட் றைற் அமைத்த லார்க்கின் கட்டடத்தில், எழுதுவினைஞர்கள் நடுமண்டபத்தில் வரிசையாக அமர்த்தப்பட்டனர். அவர்தம் இருக்கைகள் மேசைகளுடனேயே பிணைக்கப்பட்டிருந்தன. மேற்பார்வைக்கு இவ்வொழுங்கு வசதியாயிற்று.

1950களின் பிற்பகுதியில் மேற்கு ஜேர்மனியில் ஷ்னெல்லே சகோதரர் இவ்வரிசையைக் கலைத்தனர். செய்திகள் எவரிடமிருந்து எவருக்குச் செல்கின்றன என்பதை ஆராய்ந்தே அவர்கள் மேசைகளை இட்டனர். அதிகாரிகளும் பொதுவெளிக்கு வந்தனர். எனினும் இரைச்சலும் தனிமையின்மையும் ஊழியரை வருத்தின. 1970களில் ஜேர்மனியிலும் சுவீடனிலும் ஊழியர் தம் அமைப்புகள் வாயிலாக இதனை எதிர்த்து, யன்னலுடன் கூடிய அறைகளை மீளப் பெற்றனர்.

அமெரிக்காவிலோ வரலாறு வேறு திசையிற் சென்றது. 1968இல் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ரொபேட் புரொப்ஸ்ற் வகுத்த தொகுதியில், தடுப்புகளையும் தட்டுகளையும் ஊழியர் தம் வேலைக்கேற்ப மாற்றியமைக்கலாம். நிறுவனங்களோ அத்தடுப்புகளைச் செங்கோணத்தில் நெருக்கி நிறுத்திச் சிறு கூடுகளாக்கின. குறைந்த இடத்தில் கூடிய ஆட்களை இருத்துவதே அவற்றின் நாட்டம். 2000இல் மறைந்த புரொப்ஸ்ற், தம் இறுதிக்காலத்தில் இதற்காக வருந்தினார்.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்கின் ஓருண்மை தெளிவாகும். தடுப்பு அசைவதனால் மாத்திரம் ஊழியன் சுதந்திரம் பெறுவதில்லை. அதனை அசைக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதே வினா. 2020இன் பெருந்தொற்றின் பின், வீடே காரியாலயமாகவும் எவருக்கும் உரித்தற்ற பொதுமேசைகள் பெருகவும் காணும் நாம், இவ்வினாவை மீண்டும் எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.