டிக்கிக்குள்ள ஒரு ஃப்ரிட்ஜ்

இன்னைக்கு தானா ஓடுற கார்களோட கதை. ஆனா காரைப் பத்தி அதிகம் பேசப் போறதில்லை. அதுக்குள்ள உட்கார்ந்து கணக்குப் போடுற சிப்பைப் பத்தித்தான். அந்தச் சிப்பை நம்பி காசு கட்டினவங்க இருக்காங்க, அவங்களைப் பத்தியும்.

1989. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். டீன் பொமர்லோ என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பெயர் ஆல்வின். மனுஷன் ஓட்டுறதைப் பார்த்தே அது ரோட்டைப் பழகிக்கும். கேமராவில் இருந்து அது எடுத்துக்கொண்ட படம் எவ்வளவு பெருசு தெரியுமா? 30க்கு 32. மொத்தமே 960 புள்ளி! அந்தக் குட்டிப் படத்தைப் படிக்க வண்டிக்குள்ள ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதுக்குத் தீனி போட 5,000 வாட் ஜெனரேட்டர்.

அடுத்து பாலைவனத்துக்குப் போவோம். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, 2004ல் மோஹாவி பாலைவனத்தில் டிரைவர் இல்லாத வண்டிகளுக்குப் போட்டி வைத்தது. ஒரு வண்டியும் முடிக்கலை. அதிகபட்சம் போனதே 12 கிலோமீட்டர் கிட்டதான். மறுவருஷம் ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி' 212 கிலோமீட்டரை 6 மணி 54 நிமிஷத்தில் ஓடி, 20 லட்சம் டாலர் பரிசை வாங்கியது. அதன் டிக்கியில் இருந்தது 6 பென்டியம் எம் கம்ப்யூட்டர்கள். லேப்டாப்புக்குன்னு செஞ்ச சிப் அது! கரண்ட் கம்மியா குடிக்கும். கார்ல கணக்கு போடுறதை விட, சூடாகாம கணக்கு போடுறதுதான் பெரிய பாடு.

அப்புறம் டிக்கி காலியாச்சு. ஜெருசலேமின் மொபில்ஐ நிறுவனம் கேமராப் படத்தைப் படிக்கிற வேலையை ஒரே சிப்புக்குள் அடக்கியது. 2014ல் டெஸ்லாவின் ஆட்டோபைலட்டும் அந்தச் சிப்பை நம்பித்தான் வந்தது. 2016ல் ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. டெஸ்லா, வீடியோ கேம் கிராஃபிக்ஸில் பேர் வாங்கிய என்விடியாவின் கம்ப்யூட்டருக்கு மாறியது.

இங்கதான் கதை சூடு பிடிக்குது. அந்த அக்டோபரில் டெஸ்லா ஒரு அறிவிப்பு விட்டது: இனி தயாராகும் எல்லாக் கார்களிலும் முழுசா தானா ஓட வேண்டிய ஹார்டுவேர் இருக்கு, மென்பொருள் வந்தா போதும். ஜனங்க அதுக்குத் தனியா காசு கட்டினாங்க. ஆனா அதே வருஷம் பிப்ரவரியிலேயே, ஆப்பிளில் சிப் வடிவமைத்த பீட் பானன் டெஸ்லாவுக்கு வந்து சொந்தச் சிப் வேலையில் இறங்கியிருந்தார். இருக்கிற சிப் போதும்னா இன்னொண்ணு எதுக்கு? எனக்கு இது இன்னும் உறுத்துது.

2019 ஏப்ரலில் அந்தச் சிப் வெளியே வந்தது. ஒரே போர்டில் ரெண்டு சிப். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு வண்டியைப் பார்த்துக்கும். நொடிக்கு 144 லட்சம் கோடி கணக்கு. குடிக்கிற கரண்ட் நம்ம வீட்டு சீலிங் ஃபேன் அளவுதான். பழைய கம்ப்யூட்டர் நொடிக்கு 110 படங்களைப் படித்த இடத்தில் இது 2,300 படித்தது. அசத்தலான பொறியியல், சந்தேகமே இல்லை. காசு கட்டினவங்களுக்குப் பழைய போர்டைக் கழற்றி இதை இலவசமா மாட்டிக் கொடுத்தாங்க.

பிரச்சினை என்னன்னா, ஓட்டுறதுக்கு எவ்வளவு கணக்கு வேணும்னு அப்ப யாருக்கும் தெரியாது. நியூரல் நெட்வொர்க் வருஷா வருஷம் வீங்கிக்கிட்டே போகும். சிப் மட்டும் கார் விற்ற அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்.

2025 ஜனவரி. முதலீட்டாளர்களோட பேசும்போது எலான் மஸ்க் ஒத்துக்கிட்டார்: 2019ல வந்த அந்தக் கம்ப்யூட்டரும் பத்தலை, காசு கட்டினவங்களுக்கு அதையும் மாத்தித்தான் கொடுக்கணும், அது கஷ்டமான வேலைதான்னு. கூடவே இன்னொண்ணும் சொன்னார். அந்தப் பேக்கேஜை நிறைய பேர் வாங்காததில் தனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தானாம்.