ரயிலடிக்குப் போய்ச் சேர்தல்

மினி மெட்ரோ விளையாட்டில் கட்டடங்களே கிடையாது. வெளிறிய திரையில் ஒரு ஆறு, சில வட்டங்கள், முக்கோணங்கள், சதுரங்கள். அவைதான் நிலையங்கள். முக்கோணத்துக்குப் போக வேண்டிய பயணி ஒரு குட்டி முக்கோணமாக வட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்பார். நாம் கோடு இழுத்துச் சேர்த்துவிட வேண்டும். நியூசிலாந்தின் டைனோசர் போலோ கிளப் 2015இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் ஒரு கறாரான விதி உண்டு. ஏதாவது ஒரே ஒரு நிலையத்தில் கூட்டம் அளவுமீறிச் சேர்ந்து, நெடுநேரம் கலையாமல் நின்றால் ஆட்டம் முடிந்தது. மற்ற நிலையங்களில் ரயில் எவ்வளவு அழகாக ஓடினாலும் கணக்கில் வராது.

நிஜ ரயில்களின் வரலாற்றில் இப்படி ஒரு விதி இருந்ததே இல்லை. கடைக்கோடியில் காத்துக்கிடப்பவருக்காக எந்த ஆட்டமும் நின்றதில்லை.

நகரத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் ஆசை பழையது. ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1969இல் நகர வளர்ச்சியை சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார். அந்தப் புத்தகத்தின் தாக்கத்தோடு வில் ரைட் 1989இல் சிம்சிட்டியைக் கொண்டுவந்தார். 1993இன் சிம்சிட்டி 2000இல் மண்ணுக்கடியில் ரயில் விட முடிந்தது. 2015இல் வந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் ஒவ்வொரு குடிமகனுக்கும் வீடு உண்டு, போக வேண்டிய இடம் உண்டு. அவர் நடக்கிறார், காத்திருக்கிறார், ரயில் மாறுகிறார்.

அதை நாலு நாள் ஆடினாலே சில விஷயங்கள் பிடிபட்டுவிடும். ஊரையெல்லாம் வளைத்து வளைத்துப் போகும் ஒரே நீண்ட பாதை தேறாது. குட்டையான, நேரான பாதைகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும், அதுவும் ஓரிடத்தில் மட்டுமல்ல. நிலைய வாசலுக்குப் பஸ் வர வேண்டும். கல்லூரியில் கிராஃப் தியரி படித்தவர்கள் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: கோட்டின் எடை கிலோமீட்டர் இல்லை, நிமிடம். காத்திருக்கும் நிமிடமும் அதில் சேரும்.

சென்னை இந்தப் பாடத்தை நிஜக் காசு செலவழித்துப் படித்தது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கி, தன்னைச் சுற்றி ஊர்களை வளர்த்துக்கொண்டது. பறக்கும் ரயிலோ இடம் கிடைத்த வழியில் போனது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே. 1995இல் சேப்பாக்கம், 1997இல் மயிலை, 2007இல் வேளச்சேரி. நிலையங்கள் பிரம்மாண்டமானவை, ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே இருந்தது வெறும் 5 கி.மீ. அதைச் சேர்த்தால் பறக்கும் ரயில் தாம்பரம் பாதையோடு இணைந்துவிடும். நில எடுப்புச் சிக்கலில் அந்த இணைப்பு பத்தாண்டுகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. விளையாட்டில் இரண்டு க்ளிக் வேலை!

2015இல் தொடங்கிய மெட்ரோ இதைவிடத் தெளிவாக வரையப்பட்டது. முதல் கட்டத்தின் இரண்டு பாதைகளும் சென்ட்ரலில் ஒருமுறை, ஆலந்தூரில் ஒருமுறை சந்திக்கின்றன. இரண்டு இடத்தில் மாறலாம் என்றாலே பயணிக்கு வழிகள் பெருகிவிடும்.

எங்கே மாறுவது என்பதுதான் பயணிக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம். லண்டனில் மின்சுற்று வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்த ஹாரி பெக் அதைப் புரிந்துகொண்டார். தூரங்களை மறந்துவிட்டு, நேர்க்கோடுகளையும் சந்திப்புகளையும் மட்டும் வைத்து அவர் வரைந்த சுரங்க ரயில் வரைபடம் 1933இல் அச்சானது. மினி மெட்ரோ அதன் பேரப்பிள்ளை.

சந்திப்பு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். கையில் மூன்று ரூபாய். பழைய அட்லஸைப் பார்த்து, திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன் என்று முடிவுசெய்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கிவிட்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போவதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொன்ன பிறகுதான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கினான். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைதான் காணும். அங்கிருந்து நடை, பிறகு கடுக்கனை அடகு வைத்து மறுபடி ரயில். பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட அவர் பிறந்த ஊருக்கு 1964இல்தான், அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, ரயில் வந்தது.

அது விருதுநகர்–மானாமதுரைப் பாதை. 2013இல் அகலப்பாதை ஆனது. வானம் பார்த்த பூமியில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று வரிசையாகக் கோர்த்துக்கொண்டு போகிறது. எங்கள் எம்.ரெட்டியபட்டி அந்தக் கோட்டில் இல்லை. எங்களுக்கு அருப்புக்கோட்டையோ திருச்சுழியோதான் ரயிலடி. எங்க அய்யா சொல்வார்: "ரயிலு வந்துரும்யா, ரயிலடிக்கு நம்ம போய்ச் சேரணும்ல?" ரயிலுக்கு மணி எழுதியிருக்கும். பஸ்ஸுக்கும் மணி எழுதியிருக்கும். இரண்டு மணியும் ஒன்றையொன்று கேட்டு எழுதியவை அல்ல.

தமிழக அரசு 1997இல் கொண்டுவந்த மினி பஸ் திட்டம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. பெரிய பஸ் எட்டிப்பார்க்காத ஊர்களை மெயின் ரோட்டோடு சேர்ப்பது. ஸ்கைலைன்ஸில் நிலைய வாசலுக்கு விடுகிற பஸ்ஸின் வேலையும் அதேதான். ஆனால் விளையாட்டில் வாசலில் நிற்பவர் எண்ணப்படுகிறார். இங்கே டிக்கெட் வாங்கியவரை மட்டும்தான் எண்ணுகிறோம். பஸ் வராததால் ரயிலைப் பிடிக்காதவர், நேரம் ஒத்துவராததால் வீட்டிலேயே இருந்துவிட்ட கிழவி, இவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அப்புறம் "இந்த ரூட்ல கூட்டமே இல்லையே" என்று அதே கணக்கைக் காட்டி இன்னொரு டிரிப்பையும் நிறுத்தலாம்.

எங்கள் கரிசலுக்குச் சுரங்க ரயில் வேண்டாம். திருச்சுழியில் ரயில் நின்ற பத்தாவது நிமிடம் வாசலில் ஒரு மினி பஸ் நிற்கட்டும். ரயில் தாமதமானால் அதுவும் தாமதிக்கட்டும். அதற்குத் தண்டவாளமோ நில எடுப்போ தேவையில்லை. இரண்டு அட்டவணைகளை ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்க ஓர் ஆள் போதும்.