கையில் ஊற்றுகிற படம்

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் பகுதித் தோட்டங்களில் உள்ளவர்கள் நேரமிருக்கும்போது கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கை விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தோட்டத்து இறப்பர் ஸ்டோரில் வேலை. "பால் உறைய ஊத்துற அசிட் பட்டுச்சு சேர். எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். போனில் எடுத்த கேன் லேபலின் படத்தைக் காட்டினார். முழுக்க ஆங்கிலம். போமிக் அமிலம், 85 சதவீதம். பக்கத்தில் ஒரு சின்னம்: ஒரு குழாயிலிருந்து சொட்டு விழுந்து ஒரு கையை அரிக்கிறது.

மறுநாள் அந்தச் சின்னத்தைத் தரம் 10 விஞ்ஞானப் பாடத்தில் கரும்பலகையில் வரைந்தேன். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "இது கையை எரிக்கும்னு எப்படி சேர் தெரியும்? யார் கையில ஊத்திப் பார்த்தாங்க?"

பதில் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போமிக் அமிலம் புதிய சரக்கல்ல. முசுறு கடித்த இடம் ஏன் எரிகிறது? இதே அமிலம்தான். எறும்புகளைக் காய்ச்சி வடித்து அமிலம் எடுத்த கதையை 1671இலேயே ஜோன் ரே என்ற ஆங்கிலேயர் எழுதிவிட்டார். அப்போதெல்லாம் சோதனை என்று தனியாக ஒன்று இல்லை. வேலை செய்கிறவனின் தோல்தான் சோதனைத் தாள். 1700இல் இத்தாலிய வைத்தியர் ராமசீனி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சலவைப் பெண்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆனால் பட்ட பிறகு எழுதுவது வேறு, படுமுன் சொல்வது வேறு.

படுமுன் சொல்ல வேண்டும் என்ற சட்டம் பிறந்ததற்குக் காரணம் தொழிலாளி அல்ல, அழகுப் பொருள். 1933இல் அமெரிக்காவில் விற்ற ஒரு கண்ணிமைச் சாயத்தால் ஒரு பெண்ணுக்குப் பார்வை போனது, இன்னொருவர் இறந்தார். 1937இல் ஒரு மருந்துப் பாணி நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, அதில் பலர் சிறுவர்கள். 1938இல் புதிய சட்டம் வந்தது. அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலை செய்த ஜோன் டிரெய்ஸ் என்பவர் 1944இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். வெள்ளை முயலின் முதுகு மயிரை வழித்து, அதில் இரசாயனத்தை வைத்துக் கட்டி, பிறகு சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போடுவது. கண்ணுக்கும் இதே மாதிரி ஒன்று. வெள்ளை முயலில் சிவப்பு தெளிவாகத் தெரியும். அது சாதுவான பிராணி. பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த இடத்தில் வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

மனிதரையும் விடவில்லை. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை, பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் முதுகில் இரசாயனங்களை ஒட்டிப் பார்த்தார்கள். நடத்தியவர் பேர்பெற்ற தோல் வைத்தியப் பேராசிரியர் அல்பேர்ட் கிளிக்மன். கூலியாகக் கொடுத்தது சில டொலர்கள். அவருடைய பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2021இல், நகரசபை 2022இல். ஏழையின் தோல் எல்லா நாட்டிலும் மலிவுதான்.

இவ்வளவு கொடுமைக்கும் முயல் சரியான பதிலையாவது சொன்னதா? 1971இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகூடங்களுக்கு ஒரே இரசாயனங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஒருவர் கடுமை என்றதை இன்னொருவர் ஒன்றுமில்லை என்றார். 2010இல் வந்த ஒரு ஆய்வு இன்னும் பச்சையாகச் சொன்னது: முயலில் எரிச்சல் தரும் என்று பதிந்த 16 இரசாயனங்களை மனிதத் தோலில் கவனமாக ஒட்டிப் பார்த்தால் 5 மட்டுமே எரிச்சல் தந்தன. முயலின் தோல் நம் தோல் அல்ல.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1975இல் அமெரிக்காவில் ஹவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் என்ற இருவர் மனித மேற்றோலின் கலங்களைத் தட்டில் வளர்த்தார்கள். அந்தக் கலங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பிறந்த குழந்தைக்குச் சுன்னத்துச் செய்தபின் எறிந்துவிடும் சிறு தோலிலிருந்து. இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, 'சத்திரசிகிச்சையில் மிஞ்சிய தோல்' என்று சமாளித்தேன். இங்கே சொல்லலாம். நம் வீடுகளில் புதைத்துவிடும் ஒன்று, அங்கே ஒரு விஞ்ஞானத்துக்கே விதையானது.

முதல் பயன் சோதனையில் அல்ல, சிகிச்சையில். 1983இல் உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் எரிந்த இரண்டு சிறுவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் கலங்களையே தட்டில் வளர்த்துப் போர்த்தி உயிரைக் காப்பாற்றினார்கள். பிறகு அதே தோலைக் காற்றுப் படும்படி வளர்த்தால் நம் தோல் போலவே அடுக்கடுக்காக, மேலே செத்த படையோடு உருவாகும் என்று கண்டார்கள். ஒரு சதுர சென்றிமீற்றரை விடச் சிறிய வட்டம்.

சோதனை இப்படி: அந்த வட்டத்தின் மேல் இரசாயனத்தை விடுவார்கள். ஒரு வகைத் தோலில் 15 நிமிடம். கழுவிவிட்டு 42 மணித்தியாலம் விட்டுவைப்பார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயம். உயிருள்ள கலம் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்த கலத்தால் முடியாது. ஊதா நிறத்தை அளந்தால் எத்தனை பங்கு கலங்கள் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். பாதிக்கு மேல் மிஞ்சாவிட்டால் அது எரிச்சல் தரும் பொருள். எங்கள் பிள்ளையின் தகப்பனுக்குப் பட்டது போல தோலையே தின்றுவிடும் சரக்குக்கு வேறு சோதனை: 3 நிமிடத்திலும் ஒரு மணித்தியாலத்திலும் எவ்வளவு செத்தது என்று பார்ப்பார்கள். போமிக் அமிலம் 10 சதவீதத்துக்கு மேலென்றால் தின்னும், 2 முதல் 10 வரை எரிச்சல். பாலில் சேர்க்கும்போது நீர்த்துத்தான் இருக்கும். கேனிலிருந்து ஊற்றுகிற நேரம்தான் ஆபத்து.

இந்தச் சோதனையை ஐரோப்பிய நிபுணர்கள் 2007இல் ஏற்றார்கள், உலக அளவில் 2010இல் வழிகாட்டியாக வந்தது. கலம் வளர்ந்த ஆண்டிலிருந்து 35 வருடம். தள்ளிவிட்டது வெறும் விஞ்ஞானம் அல்ல. 1980இல் நியூயோர்க்கில் ஹென்றி ஸ்பைரா என்ற உயர்பள்ளி ஆசிரியர் (ஆம், நம்மைப் போல ஒரு ஆசிரியர்) பெரிய அழகுசாதனக் கம்பனி ஒன்றுக்கு எதிராகப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, முயலுக்காகக் கேள்வி கேட்டார். அழகுப் பொருள் சோதனையில் விலங்குகளை இந்தியா 2014இல் தடை செய்தது. தெற்காசியாவில் அதுவே முதல். தமிழில் வாசிக்கிற நமக்கு இன்னொரு செய்தி: இதற்காகத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் என்று ஒன்றை நடத்தியவர் பேராசிரியர் அக்பர்ஷா. கல்லூரிகளில் தவளை வெட்டுவதை நிறுத்தச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். லிப்ஸ்டிக் வாங்குகிறவர் கேள்வி கேட்டார், முயலுக்கு ஆள் கிடைத்தது. மருந்தடிக்கிறவருக்கு? மலேசியத் தோட்டங்களில் பரகுவாட் அடித்த பெண்களின், அதிலும் நிறையத் தமிழ்ப் பெண்களின், தோலும் நகமும் படும் பாட்டை 2002இல் தெனகனித்தா என்ற அமைப்பு அறிக்கையாக எழுதியது. அந்த ஆண்டு தடை, 2006இல் தளர்வு, முழுத் தடை 2020இல்தான். இங்கே பரகுவாட்டை நிறுத்த 2008இல் முடிவெடுத்தார்கள். அதற்குக் காரணம் அதைக் குடித்து இறந்தவர்கள். நல்ல முடிவுதான். அடித்தவர்களின் கைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

தட்டில் வளர்த்த தோல் உண்மையைச் சொல்லிவிட்டது. அந்த உண்மை கேனில் ஒட்டியும் இருக்கிறது, இவருக்குப் புரியாத மொழியில். எனவே அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினேன்: தோலை எரிக்கும். கையுறை, கண்ணாடி அணியவும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றவும், தண்ணீரை அமிலத்தில் ஊற்ற வேண்டாம். பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவவும்.

தகப்பன் பாடசாலைக்கு வந்து வாங்கினார். சத்தமாக ஒருமுறை வாசித்தார். "ஸ்டோர் சுவத்துல ஒட்டுறேன் சேர்" என்றவர், மடிக்கும்போது சொன்னார்: "கிளவுஸ் போன வருஷம் ஒரு சோடி தந்தாங்க. ஆறு பேர் மாத்தி மாத்திப் போடுறோம்."