லாவோக்கூனும் அவரது மகன்களும்

லாவோக்கூனும் அவரது மகன்களும் என்பது கிரேக்கத் தொன்மவியல் காட்சியொன்றைச் சித்தரிக்கும் பழங்காலப் பளிங்குச் சிற்பத் தொகுதி ஆகும். டிராய் நகரப் பூசாரியான லாவோக்கூனையும் அவரது இரு மகன்களையும் பாம்புகள் தாக்குவதை இது காட்டுகிறது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமான இச்சிற்பம் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தொன்மக் கதை

டிராய் போரின் இறுதியில் கிரேக்கர்கள் பெரிய மரக்குதிரை ஒன்றை நகருக்கு வெளியே விட்டுச் சென்றனர். அதனுள் வீரர்கள் மறைந்திருந்தனர். குதிரையை நம்ப வேண்டாம் என லாவோக்கூன் எச்சரித்தார். அப்போது கடலிலிருந்து வந்த இரு பாம்புகள் அவரையும் மகன்களையும் கொன்றன. இதனைத் தெய்வத் தண்டனையாகக் கருதிய மக்கள் குதிரையை நகருக்குள் இழுத்துச் சென்றனர், நகரம் அழிந்தது. உரோமானியக் கவிஞர் வெர்ஜில் தமது ஈனிட் காப்பியத்தில் இவ்வாறு கூறுகிறார். இக்கதையின் வேறொரு வடிவத்தில் ஒரு மகன் தப்பிவிடுகிறான்.

சிற்பிகளும் காலமும்

கி.பி. 1 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூத்த பிளினி, டைட்டஸின் மாளிகையில் இருந்த லாவோக்கூன் சிற்பம் பற்றி எழுதியுள்ளார். ரோட்ஸ் தீவினரான அகெசாந்தர், பொலிடோரஸ், அத்தெனோடோரஸ் ஆகியோர் அதனை ஒரே கல்லில் செதுக்கியதாக அவர் குறிப்பிடுகிறார். அச்சிற்பமே இது எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், இது பல துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டதாகும். இதன் காலம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கண்டெடுப்பு

1506 சனவரியில் உரோம் நகரின் எசுக்குவிலின் குன்றில் இருந்த திராட்சைத் தோட்டம் ஒன்றில் இது கண்டெடுக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் அனுப்பிய கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கால்லோவுடன் மைக்கலாஞ்சலோவும் அங்கு சென்றார். பிளினி கூறிய சிற்பம் இதுவே என சங்கால்லோ உடனே இனங்கண்டார். திருத்தந்தை இதனை வாங்கி வத்திக்கானில் வைத்தார். நெப்போலியனின் படையெடுப்பை அடுத்து 1798 இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிற்பம், 1816 இல் உரோமுக்குத் திரும்பியது.

வலக்கை

கண்டெடுக்கப்பட்டபோது லாவோக்கூனின் வலக்கை இருக்கவில்லை. 1532 இல் மொந்தோர்சோலி என்ற சிற்பி, மேல்நோக்கி நீட்டிய கையொன்றைச் செய்து பொருத்தினார். 1906 ஆம் ஆண்டளவில் தொல்லியலாளர் லுத்விக் பொல்லாக், உரோமில் பின்புறம் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்து வத்திக்கானுக்கு வழங்கினார். அது மூலச்சிற்பத்தின் கையே என்பது 1957 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பின்னர் பொருத்தப்பட்டது. யூதரான பொல்லாக் இதனைக் காணவில்லை; 1943 அக்டோபரில் அவர் குடும்பத்துடன் ஆசுவிட்சு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

நீட்டிய கை எதிர்த்துப் போராடும் வீரரைக் காட்டியது. மடங்கிய கை பாம்பின் பிடியில் சிக்கியவரின் வேதனையைக் காட்டுகிறது. செருமானிய எழுத்தாளர் லெசிங் 1766 இல் லாவோக்கூன் என்ற நூலை வெளியிட்ட காலத்தில் அறியப்பட்டிருந்தது நீட்டிய கையுடைய வடிவமே. எனவே பழைய ஓவியங்களிலும் படிகளிலும் காணப்படும் கை, மூலச்சிற்பிகள் செதுக்கியது அன்று.