கருவிழியின் வரம்பில்: குருத்தணு மருத்துவம் மனிதனை அடைந்த வரலாறு

இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தொன்றின் ஆற்றலை அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்துரைக்கிறார். மருந்து பிற தன்மைகளின் கலப்பின்றி இருத்தல் வேண்டும்; அதன் விளைவு ஒரு முறை தோன்றி மறு முறை மறைவதாக இருத்தலாகாது; இறுதியாக, சோதனை மனித உடலிலேயே நடைபெற வேண்டும், ஏனெனில் குதிரையிடமும் சிங்கத்திடமும் கண்ட பயன் மனிதனிடம் காணப்படும் என்பதற்கு உறுதியில்லை. அவருக்கு ஒரு தலைமுறைக்கு மேல் முற்பட்டவரான அர்-ராஸீ, மூளைக்காய்ச்சல் கண்ட நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வடித்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டும் விளைவை ஒப்பிட்டார். மருந்தின் தூய்மை, விளைவின் நிலைபேறு, ஒப்பீடு, மனித உடலின் சாட்சியம் ஆகிய இவையே இன்றும் புதிய மருத்துவத்தின் உரைகற்கள்.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைக் கொண்டு செய்யும் மருத்துவம் இவ்வுரைகற்களில் எவ்வாறு உரசிப் பார்க்கப்பட்டது என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் மதுரையில் எழுதப்பட்டது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளி நெல் விளையும் பூமி. அறுவடையில் கண்ணில் தெறிக்கும் நெல்லுமியும் தாளின் நுனியும் கருவிழியைக் கீறிவிடுகின்றன. கீறலில் பூஞ்சைக் கிருமி குடிபுகுகிறது. 1993ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் இலட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் கணக்கிடப்பட்ட அளவைப்போல் இது ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்நோயுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, மூவரில் இருவருக்கு முன்னரே கருவிழியில் காயம் பட்டிருந்தது தெரியவந்தது.

புண் ஆறித் தழும்பு மட்டும் எஞ்சினால், இறந்தோர் தானமாக ஈந்த கருவிழியைப் பொருத்திப் பார்வையை மீட்கலாம். சுண்ணாம்போ அமிலமோ பட்டு வெந்த கண்ணின் நிலை வேறு. அங்கே பொருத்திய கருவிழியும் சில காலத்தில் மங்கிவிடும். இதன் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது.

கருவிழியின் மேற்றோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அதற்கான ஊற்று கருவிழியும் வெண்விழியும் கூடும் வரம்பில் இருக்கலாம் என்று 1971இல் டவாங்கர், எவென்சன் என்ற இருவர் கருதினர். 1986, 1989 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகள் அக்கருத்தை வலுப்படுத்தின. வரம்பில் உறையும் குருத்தணுக்கள் அழிந்தால், உடைந்த வயல்வரப்பின் வழியே அயல் நீர் புகுவதுபோல், வெண்விழியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழியின்மேல் படர்ந்துவிடுகின்றன. ஆகவே முதலில் செப்பனிட வேண்டியது வரம்பையே.

நலமான மறுகண்ணின் வரம்பிலிருந்து திசுவை எடுத்துப் பொருத்தும் முறையைக் கென்யனும் ட்செங்கும் 1989இல் வெளியிட்டனர். ஆயினும் பெரிய அளவில் எடுத்தால் நல்ல கண்ணுக்கும் ஊறு நேரலாம். இங்கேதான் ஆய்வுக்கூடம் துணைக்கு வந்தது. மனிதத் தோலணுக்களை எலியணுக்களின் படுகைமீது வளர்க்கும் வழியை ரைன்வால்டும் கிரீனும் 1975இல் கண்டிருந்தனர். அவ்வழியைப் பின்பற்றி இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழுவினர், சிறு துணுக்கிலிருந்து வளர்த்த படலத்தை 1997இல் இருவருக்குப் பொருத்தியதை அறிவித்தனர். ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் 2001 முதல் இத்தகைய சிகிச்சையை மேற்கொண்டு, விலங்கணுக்களின் கலப்பின்றி வளர்த்த படலங்களைப் பெற்ற 200 கண்களின் பலனை 2011இல் வெளியிட்டது. வெற்றி 71 விழுக்காடு, எஞ்சியவை தோல்வி. தோல்வியையும் எண்ணிச் சொன்னதே அவ்வறிக்கையின் பெருமை.

ஏன் சிலருக்கு மட்டும் பலிக்கிறது? தட்டில் வளர்ந்த படலம் முழுவதும் குருத்தணுவன்று. பெரும்பாலானவை விரைவில் முதிர்ந்து உதிரும் அணுக்களே. அவற்றினிடையே உண்மைக் குருத்தணுவை அடையாளம் காண்பது எப்படி என்ற வினாவை மதுரை எடுத்துக்கொண்டது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் துறையை வளர்த்த பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். சுண்டெலியின் கருவிழியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதை 1979இலேயே ஆவர்பாக் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர் அவர். 2005இல் அவரது குழு ஓர் அளவுகோலை வெளியிட்டது. பி63 என்னும் புரதம் மிகுந்தும், அணுவின் மொத்தப் பருமனை நோக்க உட்கரு பெரிதாகவும் அமைந்த சிறு தொகுதியே குருத்தணுக்களுக்குரிய இயல்பு கொண்டது என்பதே அது. ஒன்று மட்டும் போதாது, இரண்டும் ஒருங்கே இருத்தல் வேண்டும்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2010இல், 112 நோயாளிகளைப் பற்றிய இத்தாலிய அறிக்கை வந்தது. வளர்ப்பில் பெருகும் ஆற்றலுடைய அணுக்களுள் பி63 மிகுந்தவை 3 விழுக்காட்டுக்கு மேலிருந்தபோது 78 விழுக்காட்டினர் நலம் பெற்றனர். அதற்குக் குறைந்தபோது 11 விழுக்காட்டினரே. மருந்து இன்னதென்று அறியாமல் மருத்துவம் செய்யலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே மருத்துவமுறை 2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனையுடன் கூடிய அனுமதியைப் பெற்றது.

இரு கண்களும் வெந்தவருக்கு எடுக்க வரம்பே இல்லை. அவர்களுக்காக மதுரைக் குழு, கன்னத்தின் உட்புறத் தோலிலுள்ள குருத்தணுக்களை அதே அளவுகோலால் இனங்கண்டு, வளர்த்து, நோயாளிகளுக்குப் பொருத்தி, 2011இல் பலனை எழுதியது. இம்முறைக்கும் எல்லையுண்டு. கன்னத்தின் அணு கருவிழியின் அணுவாக மாறிவிடுவதில்லை. விளிம்பில் இரத்தக் குழாய்கள் முளைக்கும் குறை எங்கும் காணப்படுகிறது. 2012இல் ஐதராபாத் அறிஞர்கள், ஆய்வுக்கூடமே வேண்டாது, சிறு துணுக்குகளைக் கண்ணின்மேல் நேரே பரப்பி வளரவிடும் எளிய முறையைக் கண்டனர். ஏழை நாடுகளுக்கு அது பேருதவியாயிற்று.

இவ்வளவும் ஒரு புறம். மறு புறத்தில், அளவுகோலும் கணக்கும் இன்றிக் குருத்தணுவின் பெயரை மட்டும் விற்கும் வாணிகம் பெருகியது. அமெரிக்காவின் புளோரிடாவில், தம் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையிழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்த ‘ஆராய்ச்சி’க்கு அவர்களிடம் பணமும் வசூலிக்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் ‘சிகிச்சை’ என்ற சொல் இருந்தது. 2013இல் அச்சொல் நீக்கப்பட்டு ‘ஆராய்ச்சி’ மட்டுமே நின்றது. நிறுவப்படாததைச் சிகிச்சை என அழைப்பதே பொய் என்பது அதன் பொருள். 2017இன் திருத்தமும் அதையே வலியுறுத்தியது.

நம் மார்க்கம் இங்கே மௌனமாக இல்லை. மருத்துவ அறிவு பெற்றவராக அறியப்படாமல் மருத்துவம் பார்ப்பவர் நேரும் தீங்குக்குப் பொறுப்பாளியாவார் என்னும் கருத்துடைய நபிமொழியை அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகியோர் பதிவு செய்துள்ளனர். மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 2003இல் கூடியபோது, பெரியவர் உடலிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் குருத்தணுக்களைப் பெறுவதை அனுமதித்தது. அதற்கென்றே கருவைக் கலைப்பதைத் தடுத்தது. மதுரையில் ஆராயப்பட்ட அணுக்கள் நோயாளியின் சொந்த உடலிலிருந்தே எடுக்கத் தக்கவை. ஆதலால் மூலத்தைப் பற்றிய ஐயம் அங்கே எழுவதில்லை. ஆயினும் மூலம் ஹலாலாக இருப்பதால் மட்டும் முறை நேர்மையாகிவிடாது. புளோரிடாவில் ஏற்றப்பட்டவையும் அப்பெண்களின் சொந்த அணுக்களே.

எனவே குருத்தணு மருத்துவம் என்று எவரேனும் அழைத்தால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எந்த அணுவைத் தருகிறீர்கள், அதை எப்படி அறிந்தீர்கள்? இது நிறுவப்பட்ட சிகிச்சையா, சோதனையா? சோதனையெனில் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்துள்ளதா, நெறிமுறைக் குழு ஒப்பியதா? எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை? சோதனைக்கு நோயாளியிடமே விலை கேட்பது ஏன்? ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற நபிமொழியில் நம்பிக்கை கொண்டோர், நிவாரணத்தைத் தேடும் வழியிலும் உண்மையையே நாட வேண்டும்.