பாபா வழியும் மாமா வழியும்: சப்ரகமுவப் பக்கமிருந்து சிவனொளிபாதமலை ஏறிய கூட்டங்கள்

றக்வானத் தோட்டங்களிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் புறப்படும் வாகனம் பெல்மதுளை தாண்டி இரத்தினபுரிக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அவிசாவளை, கித்துல்கல என்று சுற்றி ஹட்டனுக்குப் போய் நல்லதண்ணியில் இறங்கினால் மலையின் பாதி உயரத்தை பஸ்ஸே ஏறித் தந்துவிடும். அங்கிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், வழிநெடுகக் கடைகள், விளக்குகள். சுற்றாமல் கிலிமலே, பலாபத்தல என்று நேரே போனால் பயணம் குறுகும், ஏற்றம் நீளும். தாழ்ந்து கிடக்கும் பலாபத்தலையிலிருந்து 2243 மீட்டர் உச்சிக்கு, ஏறக்குறைய முழு மலையையும் காலால் அளக்க வேண்டும்.

பெரும்பாலோர் ஹட்டன் பக்கமே போகிறார்கள். ஆனாலும் பலாபத்தல வழி அழியவில்லை. எளிய வழி திறந்து நூறாண்டுக்கு மேலான பிறகும் கடினமான வழியில் ஆள் அற்றுப்போகாமல் இருப்பதற்குப் பக்திதான் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த விடை எனக்குப் போதவில்லை. பக்தி ஹட்டன் வழியிலும் உண்டு. கடின வழியைக் காத்தது கூட்டம்: முன்னே நடக்கும் ஒருவர், அவர் சொல் கேட்கும் பலர், அவர்களுக்குள் முதல்தடவை ஏறுகிறவர் யார், பலதடவை ஏறியவர் யார் என்ற கணக்கு. இந்த ஏற்பாட்டின் வரலாற்றையே இக்கட்டுரை தொடர்கிறது.

மலைக்குப் போகிறவர்களுக்கு அரசு உதவியதற்கான பழைய செய்தி முதலாம் விஜயபாகுவின் காலத்தது (1055–1110). பாதத்தை வணங்கப் போகிறவர்கள் வழியில் படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு உணவளிக்கக் கிலிமலே கிராமத்தை அவன் மானியமாக்கினான் என்று சூளவம்சம் கூறுகிறது. அம்பகமுவக் கல்வெட்டும் மலை யாத்திரைக்கு அவன் செய்த அறங்களைச் சொல்கிறது. இன்றும் இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்குப் போகும் பஸ் கிலிமலேயைத் தொட்டுத்தான் செல்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ஊர் அதே வழியில் இருப்பது சிறிய செய்தியன்று. பின்னர் நிசங்கமல்லன் (1187–1196) படையோடு உச்சிக்கு ஏறினான். இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராஜன் கம்பளைப் பக்கமிருந்து மலைக்குப் பாதை திருத்திப் பாலங்கள் கட்டினான். ஆக, 13ஆம் நூற்றாண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தன. எந்த வழி உயர்ந்தது என்ற பேச்சும் அடுத்த நூற்றாண்டில் இருந்தது. அதைப் பதிவு செய்தவர் அந்நியர் ஒருவர்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி விளங்கிய அந்த அரசரிடம், ஆதமின் பாதத்தைக் காண்பதைத் தவிரத் தமக்கு வேறு விருப்பம் இல்லை என்றார் பயணி. அரசர் ஒரு பல்லக்கையும், ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்தில் பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட்டி அனுப்பினார். சிவனொளிபாதமலைக்குப் போன ஒரு கூட்டத்தின் ஆள்கணக்கை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பழைய குறிப்பு இது. கூட்டத்தை அமைத்தவர் தமிழ் அரசர் என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்தோடு சொன்னதில்லை. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த நான்கு யோகிகளைப் பற்றிய வரியைத்தான். அரசர் வெறும் காவலர்களை அனுப்பவில்லை, வழி தெரிந்தவர்களை முன்னே விட்டார். ஆண்டுதோறும் ஏறுகிறவரே வழிகாட்டத் தகுந்தவர் என்ற விதி அப்போதே நடைமுறையில் இருந்திருக்கிறது.

உச்சிக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறார் இப்னு பதூதா. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. அதாவது ஆதமின் வழி, ஏவாளின் வழி. மாமா வழி எளிது, யாத்திரிகர்கள் திரும்பி இறங்குவது அதில்தான். ஆனால் அந்த எளிய வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மற்றவர்கள் மதிப்பதில்லையாம். பாபா வழியில் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பத்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்தார்கள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அதைப் பிடித்தபடி கீழே பார்க்கிறவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை மொழியைச் சொல்வாராம். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே மார்க்கோ போலோவும் இந்தச் சங்கிலிகளைக் குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் முஸ்லிம் பயணி, சைவ யோகிகள், பிராமணர்கள் எல்லோரும் இருந்தார்கள். மலை உச்சியில் இருப்பது ஆதமின் பாதமா, சிவனுடையதா, புத்தருடையதா என்பதில் அவர்கள் ஒத்துப்போயிருக்க முடியாது. எந்த வழியால் ஏறினால் ஏறியதாகக் கொள்ளலாம் என்பதிலோ மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. கடின வழிக்கு ஒரு மதிப்பு, அந்த மதிப்பைக் காக்க ஒரு கூட்டம்: இந்த இணைப்பு மதங்களைத் தாண்டியது.

மலையின் காவல் கைமாறிய கதையை இங்கே சுருக்கலாம். சீதாவாக்கையின் முதலாம் ராஜசிங்கன் (1581–1592) சைவம் தழுவி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அதை மீட்டு வெலிவிட்ட சரணங்கர தேரருக்குக் கொடுத்து, பெல்மதுளைப் பக்கத்துக் குட்டாபிட்டியவையும் மானியமாகச் சேர்த்தான். உரிமை மாறினாலும் மலையின் வாசல் சப்ரகமுவதான். இன்றும் உந்துவப் போயாவில் சீசன் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் சிலை பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலிருந்துதான் புறப்படுகிறது. வெசாக் போயாவோடு அங்கேயே திரும்பி வருகிறது. றக்வானக்காரருக்கு அது போகிற வழியில் இருக்கும் ஊர்.

கண்டி 1815இல் வீழ்ந்தது. அதே ஆண்டில் மல்கம் என்ற ஆங்கிலப் படையதிகாரி உச்சியைத் தொட்டார். 1817இல் மருத்துவர் ஜோன் டேவி ஏறினார். இருவரும் போனது இரத்தினபுரிப் பக்கமாகத்தான். மலையைப் பற்றி வில்லியம் ஸ்கீன் 1870இல் வெளியிட்ட தனி நூலும் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாபத்தல, ஹெரமிட்டிபான என்ற வரிசையிலேயே நடக்கிறது. அந்த நாள்வரை கொழும்பிலிருந்து மலைக்குப் போவது என்றால் இரத்தினபுரிக்குப் போவது என்றே பொருள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் மாறியது. காடாயிருந்த மஸ்கெலியா கோப்பித் தோட்டமாகி, பிறகு தேயிலைத் தோட்டமானது. 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. தோட்டத்துக்காக வெட்டிய வண்டிப்பாதை மலையடிவாரம்வரை போனது. யாத்திரிகருக்காக யாரும் திட்டமிட்டு அந்த வழியைத் திறக்கவில்லை. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கிய வழியில் பக்தர்கள் மேலே ஏறினார்கள். இரத்தினபுரிக்கும் 1912இல் களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில் வந்தது. ஆனால் அது இறக்கிவிட்டது பள்ளத்தில். அங்கிருந்து உச்சிவரை ஏற்றம் அப்படியே இருந்தது. 1976இல் அந்த ரயிலும் நின்றுபோனது.

தோட்டத் தமிழர் இந்த வரலாற்றுக்குள் வருவது இங்கேதான். ஆனால் கூட்டமாக நடப்பதை அவர்கள் மலையில் கற்கவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னால் காட்டுப்பாதையில் மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் பசியும் வாந்திபேதியும் கொண்டுபோனவர் பலர். முன்னே ஒருவர், பின்னே ஒரு வரிசை, பின்தங்கினால் சாவு என்பது அந்த நடை. ஊரில் அவர்கள் பார்த்திருந்த பழனிப் பாதயாத்திரையோ வேறு வகை: பாடிக்கொண்டு போகிற நடை அது. சிவனொளிபாதமலைக்குப் போன தோட்டத்துக் கூட்டம் இந்த இரண்டுக்கும் வாரிசு. துயரத்தின் ஒழுங்கை அது எடுத்து வேண்டுதலுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பது என் வாசிப்பு.

மூன்றாவது ஊற்று சிங்களக் கிராமத்து நடை. சிங்களவர் கூட்டத்தை ‘நடய’ என்றும், தலைவரை ‘நடே குரா’ என்றும், முதல்தடவை ஏறுகிறவரைக் ‘கோடுகாரயா’ என்றும் சொல்வார்கள். எங்கே குளிப்பது, எப்போது நிற்பது என்பதெல்லாம் குராவின் சொல். கடுஞ்சொல் கூடாது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது, களைப்பு என்று வாய்விடவும் கூடாது. சீத கங்குலவின் குளிர்ந்த நீரில் முழுகியே மேலே போக வேண்டும். உச்சியில் மணி உண்டு. இதுவரை எத்தனைமுறை ஏறினாரோ அத்தனைமுறை அடிக்கலாம். மணியோசையை எண்ணிக்கொண்டிருந்தால் ஏறியவரின் வரலாறு தெரிந்துவிடும். பதிவேடு இல்லாத சமூகத்துக்கு அதுவே பதிவேடு. சப்ரகமுவத்தில் தோட்டமும் கிராமமும் வேலியளவு இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒரே வழியில் ‘கருணாவை’ என்று பாடுகிறவர்களும் ‘அரோகரா’ என்று கூவுகிறவர்களும் ஏறும்போது வழக்கங்கள் வேலி தாண்டுகின்றன. நடைச் சட்டங்களில் பெரும்பகுதி இப்படித்தான் தமிழுக்கு வந்திருக்க வேண்டும்.

தோட்டத்துக் கையிருப்பும் இந்த நடையில் உண்டு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு மழைக்கு உதவும். அட்டைக்குச் சவர்க்காரமும் தேசிக்காயும் போதும் என்பதைத் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேங்காய் ரொட்டியும் சம்பலும் இரண்டு நாள் தாங்கும். றக்வானப் பக்கத்தில் தேயிலையோடு ரப்பரும் உண்டு. மாசி வாக்கில் ரப்பர் இலை உதிர்த்துப் பால்வெட்டு மந்தமாகிறது, சிவராத்திரியும் அதையொட்டியே வருகிறது. யாத்திரைக்கு நாள் குறித்தது பஞ்சாங்கம் மட்டுமில்லை, பெரட்டுக் களமும்தான்.

எளிய வழி இருந்தும் கடின வழியை விடாத மனப்பான்மைக்குத் தொலைவில் ஓர் ஒப்புமை உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பனிச்சரிவில் ஸ்னோபோர்ட் பலகையில் சறுக்குகிறவர்களில் ஹார்ட் பூட்காரர் என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. 1980களில் ஐரோப்பாவில் பலரும் ஸ்கீ சப்பாத்தைப் போன்ற இறுகிய பிளாஸ்டிக் சப்பாத்தை அணிந்து, ஒடுங்கிய நீண்ட பலகையின் விளிம்பால் பனியைச் சீவிக்கொண்டு இறங்கினார்கள். மென்மையான சப்பாத்து பரவியதும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரிய நிறுவனங்கள் விலக, கைத்தொழில்போலச் சிறு பட்டறைகள் பலகை செய்து கொடுத்தன. 1998 நாகானோ முதல் ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்ட் ஸ்லாலம் போட்டிகளில் இந்தச் சப்பாத்து நிற்கிறது. 2018இல் செக் நாட்டு எஸ்தர் லெடெக்கா ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆனால் சுவிட்சர்லாந்தின் சீனால் போன்ற மலையூர்களில் கூடுகிறவர்கள் பதக்கத்துக்காகக் கூடுவதில்லை. தம்மைப்போலப் பிடிவாதக்காரர் நாலு பேரைக் காணவும், புதிதாக வந்தவருக்கு வளைவு எடுக்கச் சொல்லிக்கொடுக்கவும் வருகிறார்கள். நேர்த்திக்கடன் வேறு, விளையாட்டு வேறு. அந்த வேறுபாட்டை நான் அழிக்கவில்லை. எளிய மாற்று வந்த பிறகு கடினமானது பிழைக்க வேண்டுமானால், அதைக் கற்றுக்கொடுக்கிற கூட்டம் வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றே.

கூட்டம் உடைந்தால் என்னவாகும் என்பதையும் சப்ரகமுவத் தமிழர் வரலாறு காட்டுகிறது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரே லயத்தில் அண்ணன் இங்கே, தம்பி தமிழகத்தில் என்று குடும்பங்கள் பிரிந்தன. முன்னே நடந்த பெரியவர் கப்பலேறியபோது அவர் தலையில் இருந்த வழியும் அவரோடு போனது. 1977, 1981, 1983 வன்முறைகள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. உயிர் தப்பப் பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். இரவில் சிறு கூட்டமாகக் காட்டுவழி நடக்க அஞ்சியவர்களுக்கு, விளக்கும் சனமும் நிறைந்த ஹட்டன் வழி பாதுகாப்பானதாகத் தோன்றியிருக்கும். தமிழர் பலாபத்தல வழியிலிருந்து விலகியதற்கு ரயிலை மட்டும் காரணம் சொல்லும் வாதம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ரயில் தொடக்கிவைத்ததை அச்சம் முடித்துவைத்தது என்றே நான் கருதுகிறேன்.

விலகாதவர்களும் உண்டு. சீசனில் பலாபத்தலையில் இறங்கிப் பார்த்தால், கம்பளித் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, பையன்களை முன்னால் விட்டு ஏறும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். விடியலில் உச்சியின் முக்கோண நிழல் மேற்கே விழும். இரத்தினபுரிப் பக்கத்துக்காரர் தாம் ஏறிவந்த காடுகளின் மேல் அந்த நிழல் படர்வதைப் பார்த்துவிட்டே இறங்குவார்கள்.

மன்னர்கள் ஏறியது கல்வெட்டில் இருக்கிறது, வெள்ளைக்காரர் ஏறியது புத்தகத்தில் இருக்கிறது. றக்வான, கஹவத்தை, பலாங்கொடைத் தோட்டங்களில் கூட்டம் நடத்திய நம் பெரியவர்கள் ஏறியது வீட்டுப் பேச்சில் மட்டுமே இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த ஆண்டு போனார், எந்த வழியால் ஏறினார், முன்னே நடந்தவர் யார், எத்தனைமுறை மணி அடித்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.